சுமார் என்றோர் எண்

தாராவியில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்டால், மும்பையில் கிடைக்கும் பதில்கள் 3 லட்சத்தில் தொடங்கி 10 லட்சத்தில் முடிகின்றன. கொரோனாக் காலத்தில் அதிகாரிகளும் செய்தித்தாள்களும் அதிகம் சொன்ன எண் எட்டரை லட்சம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினால் வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. தாராவியை உள்ளடக்கிய ஜி வடக்கு வார்டின் மொத்த மக்கள்தொகையே அதில் 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். அந்த வார்டில் மாஹிமும் தாதரின் மேற்குப் பகுதியும் சேர்த்தி. உறுப்பு உடலைவிடப் பெரிதாக இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்று சொல்லிவிட முடியாது. பட்டறையிலேயே படுத்துறங்கும் தொழிலாளியை எந்த வீட்டுக் கணக்கில் சேர்ப்பது, பரண்மேல் வாடகைக்கு இருக்கும் நான்கு பேரைக் கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டுக்காரர் சொன்னாரா, ஆண்டில் நான்கு மாதம் திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலும் மீதி மாதம் இங்கேயும் இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதையெல்லாம் பொறுத்து எண் மாறுகிறது. சுமார் இரண்டு முதல் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் இத்தனை குழப்பத்துக்கு இடமிருக்கிறது.

ஒரு பகுதியின் மக்கள்தொகை தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். திறன் என்று நாம் அளப்பதெல்லாம் பெரும்பாலும் பின்னம் என்பதுதான் சிக்கல். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை நோயாளிகள், ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர், ஒரு மருத்துவருக்கு எத்தனை குடும்பங்கள் என்று கேட்கிறோம். கீழே நிற்கும் எண் மூன்று மடங்கு ஆடினால் பின்னமும் மூன்று மடங்கு ஆடும். அப்படி ஆடும் பின்னத்தை வைத்து ‘இந்த வார்டு நன்றாகச் செயல்பட்டது, அந்த வார்டு மோசம்’ என்று பட்டியல் போடுகிறோம். பட்டியலில் மூன்றாம் இடமும் நான்காம் இடமும் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை பிரித்துக் காட்டப்படுகின்றன.

தமிழில் ‘சுமார்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ‘சுமார் ஆயிரம் பேர்’ என்றால் துல்லியமாகத் தெரியாது என்று பொருள். ‘சாப்பாடு சுமார்’ என்றால் தரம் போதாது என்று பொருள். நிர்வாகக் கணக்குகளில் இந்த இரண்டு பொருளும் கலந்துவிட்டன. தரவு சுமாராக இருந்தால் அதிலிருந்து வரும் முடிவும் சுமாராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கு அஞ்சி, சுமாரான எண்ணைத் துல்லியமான எண்ணாக வேடம் போட்டு மேடையேற்றுகிறோம். இந்த அத்தியாயம் சொல்லவருவது வேறு: துல்லியமற்ற தரவை அதன் துல்லியமின்மையோடு கூடவே கணக்குக்குள் விட்டால், சில முடிவுகள் உடைந்துபோகும், சில முடிவுகள் எந்த ஆட்டத்துக்கும் அசையாமல் நிற்கும். எவை உடையும், எவை நிற்கும் என்பதைக் கணிதம் முன்கூட்டியே சொல்லிவிடும். நடுவில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த வேறுபாடே கண்ணில் படாது.

ஒப்பீட்டுத் திறனை அளக்கும் கணிதத்தின் கதை 1957-இல் தொடங்குகிறது. எம். ஜே. ஃபாரல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தொழிற்கூடம் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதை ஏட்டுக் கோட்பாட்டோடு ஒப்பிடாமல், அதே தொழிலில் உண்மையில் நன்றாக இயங்கும் கூடங்களோடு ஒப்பிடலாம் என்றார். சிறந்தவர்களை இணைத்து ஒரு கோடு வரைந்தால் அது எல்லைக்கோடு. மற்றவர்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதே அவர்களுடைய குறை. 1978-இல் ஆபிரகாம் சார்ன்ஸ், வில்லியம் கூப்பர், எட்வர்டோ ரோட்ஸ் மூவரும் இதை நேரியல் நிரலாக்கக் கணக்காக மாற்றினார்கள். டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், சுருக்கமாக டி.இ.ஏ., என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். தரவுப் புள்ளிகளின்மேல் போர்வை போர்த்துவதுபோல எல்லைக்கோடு படிவதால் இந்தப் பெயர். அதன் சிறப்பு ஒரு தாராள குணத்தில் இருக்கிறது. எந்த உள்ளீட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை மதிப்பிடுபவர் தீர்மானிப்பதில்லை, மதிப்பிடப்படுபவருக்கே விட்டுவிடுகிறது. ‘உனக்கு மிகவும் சாதகமான எடைகளை நீயே தேர்ந்துகொள், ஆனால் அதே எடைகளை மற்றவர்களுக்கும் போடுவேன், அப்போது யாருக்கும் 1-ஐத் தாண்டக் கூடாது’ என்பது நிபந்தனை. தனக்குத்தானே மார்க் போட்டுக்கொண்டும் 1-ஐ எட்ட முடியாதவரிடம் குறை இருக்கிறது என்று நம்பிச் சொல்லலாம்.

இந்தக் கணக்கு பிறந்த இடமே துல்லியமற்ற தரவுக்குள்தான் என்பது பலர் கவனிக்காத செய்தி. ரோட்ஸின் ஆய்வு அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளின் தொடக்கக் கல்விக்காக நடந்த ‘ஃபாலோ த்ரூ’ திட்டத்தைப் பற்றியது. திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளையும் சேராத பள்ளிகளையும் அவர் ஒப்பிட்டார். வாசிப்புத் திறன், கணக்கு ஆகியவற்றோடு குழந்தையின் தன்மதிப்பும் ஒரு விளைவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எட்டு வயதுக் குழந்தையின் தன்மதிப்பைக் கேள்வித்தாள் வைத்து அளந்து, கிடைத்த மதிப்பெண்ணைக் கிலோவையும் லிட்டரையும்போல அப்படியே சமன்பாட்டில் போட்டார்கள். அந்த எண்ணின் ஆட்டத்தை வெளிப்படையாகக் கணக்கில் கொள்ளும் வழியை கூப்பரே, பார்க், யூ என்ற இருவரோடு சேர்ந்து, 1999-இல்தான் எழுதினார். இருபது ஆண்டு தாமதம்.

ஒரு சின்னக் கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தாராவியின் தமிழ்ச் சந்துகளில் விடியும் முன்பே இட்லி அவிந்து, அலுமினியப் பாத்திரங்களில் ஏறி நகரமெங்கும் போகிறது. அப்படிப்பட்ட நான்கு வீடுகளைக் கற்பனை செய்துகொள்வோம்; எண்களும் என் கற்பனையே. பெயர் அ, ஆ, இ, ஈ. ஆயிரம் இட்லிக்கு அ வீட்டில் 24 கிலோ அரிசியும் உளுந்தும், 12 மணி நேர உழைப்பும் செலவாகின்றன. ஆ வீட்டில் 20 கிலோ, 20 மணி நேரம். அளந்து போட்டு, ஊறவைத்து, பொறுமையாகச் செய்கிறார்கள். இ வீட்டில் 26 கிலோ, 18 மணி. ஈ வீட்டில் 28 கிலோ, 21 மணி. அ நேரத்தை மிச்சம் பிடிக்கிறது, ஆ அரிசியை மிச்சம் பிடிக்கிறது. எது பெரிது என்று டி.இ.ஏ. கேட்பதில்லை, இருவருக்கும் 1 கொடுத்துவிடும். இ வீட்டுக்கு எத்தனை? ஏழு பங்கில் நான்கு பங்கு அ மாதிரியும் மூன்று பங்கு ஆ மாதிரியும் செய்யும் ஒரு கற்பனை அடுப்படியை நினைத்துக்கொண்டால், அது ஆயிரம் இட்லியை 22.3 கிலோவிலும் 15.4 மணியிலும் முடித்துவிடும். இ வீட்டின் செலவில் அது சரியாக ஏழில் ஆறு. ஆகவே இ வீட்டின் திறன் 0.86. இதே வழியில் ஈ வீட்டுக்கு 0.78 வரும். பட்டியல் தயார்: அ, ஆ சமமாக முதலிடம், இ மூன்று, ஈ நான்கு.

இப்போது அந்த மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்போம். அரிசியை மூட்டையாக வாங்குகிறார்கள், கடைக்காரரின் நோட்டில் கிலோ இருக்கிறது. அது ஓரளவு உறுதி. உழைப்பை யார் எழுதிவைத்தார்கள்? மாவு அரைக்கும்போது மாமியார் கைகொடுக்கிறார். பள்ளிக்குப் போகும் முன் பிள்ளைகள் தட்டு கழுவுகிறார்கள். கிரைண்டர் ஓடும்போது வீட்டுக்காரி குழம்பும் வைக்கிறார், அந்த ஒரு மணியை எதில் எழுதுவது? கேட்டால், ‘சுமார் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும்’ என்பார்கள். ஆகவே நேர்மையான பதிவு இப்படித்தான் இருக்க முடியும்: அ வீட்டில் 10 முதல் 14 மணி, ஆ வீட்டில் 17 முதல் 23, இ வீட்டில் 13 முதல் 23, ஈ வீட்டில் 18 முதல் 24. நான் மேலே கொடுத்தவை இவற்றின் நடு எண்கள். இ வீட்டின் வீச்சு அகலமாக இருப்பதற்குக் காரணம் அங்கே சொந்தக்காரர்கள் அதிகம், சம்பளக்காரர்கள் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

வீச்சுகளைக் கணக்கில் ஏற்றும் வழி எளிமையானது. ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முதலில் அதற்கு எல்லாமே சாதகம் என்று வைக்க வேண்டும்: அதன் உழைப்பு மணி வீச்சின் அடிமட்டத்தில், மற்றவர்களுடையது உச்சத்தில். கிடைக்கும் திறன் மேல் வரம்பு. பிறகு எல்லாமே பாதகம் என்று புரட்டிப்போட்டால் கீழ் வரம்பு. இப்படிச் செய்தால் இ வீட்டின் திறன் 0.77 முதல் 1 வரை எங்கேயும் இருக்கலாம் என்று தெரிகிறது. முன்பு நாம் பெருமையாகச் சொன்ன 0.86 அந்த நீண்ட திண்ணையில் எங்கோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஈ வீட்டுக்கு 0.71 முதல் 0.84. இரண்டு வீச்சும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதால், இ மூன்றாமிடம், ஈ நான்காமிடம் என்ற தீர்ப்பு நிற்காது. இ வீட்டில் உண்மையில் 23 மணி நேரமும் ஈ வீட்டில் 18 மணி நேரமும் ஆகியிருந்து, மற்ற இரண்டு வீடுகளும் நடு எண்ணிலேயே இருந்தால், இ 0.80-இலும் ஈ 0.81-இலும் வந்து நிற்கும், வரிசை தலைகீழ். ஆனால் எல்லாம் கலங்கிவிடவில்லை. ஆ வீடு எந்த நிலையிலும் 1. அரிசிச் செலவில் அதை முந்த ஆளில்லை. அ வீடும் எந்த நிலையிலும் 1. ஈ வீடு தனக்கு எவ்வளவு சாதகமாக உலகத்தை வளைத்தாலும் 0.84-ஐத் தாண்டாது. ஆக நான்கு வீடுகள் மூன்று கூட்டமாகப் பிரிகின்றன: எப்போதும் சிறந்தவை, சிறந்ததாக இருக்கக்கூடியது, எப்போதும் குறையுள்ளது. கிரேக்க ஆய்வாளர்கள் டெஸ்போடிஸும் ஸ்மிர்லிஸும் 2002-இல் முன்வைத்த பாகுபாடு இதுதான். தரவு சுமார், ஆனால் ‘ஈ வீட்டில் குறை இருக்கிறது’ என்ற முடிவு சுமார் இல்லை.

கற்பனை இட்லியில் நடப்பது நிஜ நகரத்தில் நடக்குமா? நடந்தது. மும்பையில் 2020 ஜூலை மாதம் பதிவான நோயாளிகளில் இறந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் மேல். மேலோட்டமாகப் பார்த்தால் அது மோசமான மதிப்பெண். அந்தச் சமயத்தில் மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் மூன்றும் சேர்ந்து மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை நடத்தின: மாட்டுங்கா அடங்கிய எஃப் வடக்கு, செம்பூர் அடங்கிய எம் மேற்கு, தஹிசர் அடங்கிய ஆர் வடக்கு. குடிசைப் பகுதிகளில் 4,202 பேர், மற்றப் பகுதிகளில் 2,702 பேர். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தவர்கள் குடிசைப் பகுதிகளில் 54.1 சதவீதம், மற்றப் பகுதிகளில் 16.1 சதவீதம். அதாவது பதிவேட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, உண்மையில் தொற்று வந்துபோனவர்களின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. பின்னத்தின் கீழ் எண்ணைச் சரிசெய்ததும், தொற்றியவர்களில் இறந்தவர்கள் 0.05 முதல் 0.10 சதவீதம் என்று மாநகராட்சி மதிப்பிட்டது. ஒரே நகரம், ஒரே மாதம். இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே ஐம்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். மேல் எண்ணும் சுத்தமில்லை: அதே ஆண்டு ஜூன் 16 அன்று, முன்பு சேர்க்கப்படாமல் விட்டுப்போன 862 இறப்புகளை மும்பை ஒரே நாளில் கணக்கில் ஏற்றியது.

இங்கேதான் வீச்சுகளின் இன்னொரு முகம் தெரிகிறது. 54.1 சதவீதத்துக்கு ஆய்வாளர்கள் கொடுத்த வீச்சு 52.7 முதல் 55.6 வரை. மூன்று புள்ளிக்கும் குறைவு. பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அந்த வீச்சு ஒரேயொரு பிழையைத்தான் அளக்கிறது, அதாவது சிலரை மட்டும் பரிசோதித்துவிட்டு எல்லோரையும் பற்றிப் பேசுவதால் வரும் பிழையை. பரிசோதனைக் கருவியே தொற்று வந்தவர்களில் சிலரைத் தவறவிடக்கூடும் என்பதைச் சேர்த்தால் விகிதம் 58.4 ஆகிறது, அதன் வீச்சு 56.8 முதல் 59.9. பழைய வீச்சும் புதிய வீச்சும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆகஸ்டில் அதே வார்டுகளில் இரண்டாம் சுற்று நடந்தபோது குடிசைப் பகுதிகளில் கிடைத்தது 45 சதவீதம்தான். வந்துபோன தொற்று வராததாக ஆகிவிட முடியாது; எதிர்ப்புப் பொருள் நாளடைவில் குறைந்திருக்கலாம், பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டவர்கள் வேறு வகையினராக இருந்திருக்கலாம். எப்படியானாலும் 52.7 முதல் 55.6 என்ற வீச்சு, ஆட்டத்தைக் குறைத்துக் காட்டிய வீச்சு. நிபுணர்கள் கொடுக்கும் வீச்சாயிற்றே என்று அதையும் கண்ணை மூடி நம்பிவிட முடியாது. எந்தப் பிழையை அளந்த வீச்சு, எதை அளக்காமல் விட்ட வீச்சு என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து வீச்சை 45 முதல் 60 என்று அகட்டிக்கொள்ளலாம், மற்றப் பகுதிகளுக்கு 15 முதல் 19 என்று வைக்கலாம். அப்போதும் இரண்டும் தொடவில்லை. குடிசைப் பகுதிகளில் தொற்று இரண்டு மடங்குக்கும் மேல் பரவியது என்ற முடிவு, கருவியின் குறை, காலம், மாதிரி என எல்லா ஆட்டத்தையும் தாங்கி நின்றது. மூன்று வார்டுகளில் எது கொஞ்சம் மேல் என்ற கேள்விக்கு அந்தப் பலம் கிடையாது.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் புள்ளியியலாளர்களுடையது. எல்லாம் சாதகம், எல்லாம் பாதகம் என்று இரண்டு கோடிகளை மட்டும் பார்ப்பது மிகை. நான்கு வீட்டின் பிழைகளும் கூடிப் பேசிச் சதிசெய்வதுபோல ஒரே பக்கம் சாயுமா? பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று கொண்டால் வீச்சு சுருங்குமே? நியாயம்தான். 1977-லிருந்தே எல்லைக்கோட்டில் நிகழ்தகவைச் சேர்க்கும் முறைகள் இருக்கின்றன. ஆனால் நிகழ்தகவு என்று பேச வேண்டுமானால் மாதிரி முறையாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும், பிழைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதற்கு ஏதாவது அடையாளம் வேண்டும். செம்பூரில் ரத்தம் எடுத்தபோது அது இருந்தது. இட்லி வீட்டில் ‘சுமார் பன்னிரண்டு’ என்று சொல்லப்பட்டபோது இல்லை. அங்கே இருப்பது தற்செயல் பிழை அல்ல, தெரியாமை. தெரியாமைக்கு நிகழ்தகவு வளைவு வரைவது, இல்லாத தகவலை இருப்பதாகக் காட்டுவதுதான். நடுவழி ஒன்று உண்டு. லோட்ஃபி ஸாடே 1965-இல் உருவாக்கிய மங்கல் கணங்களில், ஓர் எண் ‘இருக்கலாம்’ என்பதற்கும் படிகள் உண்டு: 12 மணி என்பது முழுக்க ஏற்கத்தக்கது, 11 பாதி ஏற்கத்தக்கது, 10 கொஞ்சமே ஏற்கத்தக்கது. தைவானில் காவ், லியூ இருவரும் 24 பல்கலைக்கழக நூலகங்களை 2000-இல் ஒப்பிட்டபோது, தரவு முழுமையாக இல்லாத நூலகங்களும் இருந்தன. அவற்றைத் தள்ளிவிடாமல், சராசரியை ஒட்டுப்போடாமல், கீழ் எல்லை, நம்பத்தக்க மதிப்பு, மேல் எல்லை என்ற மூன்று புள்ளிகளில் முக்கோண எண்ணாக வைத்துக் கணக்கிட்டார்கள். தரவு தராததற்காக யாரும் தண்டனையும் பெறவில்லை, பரிசும் பெறவில்லை. தமிழ்ப் பேச்சில் ‘பத்துப் பன்னிரண்டு இருக்கும், பதினைந்துக்கு மேல் போகாது’ என்று சொல்லும் வாக்கியத்தில் இந்த முக்கோணம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்டு எழுதுபவர்தான் அதை ஒற்றை எண்ணாகக் குறுக்கிவிடுகிறார்.

இரண்டாவது ஆட்சேபம் கூர்மையானது. தாராவி மாதிரி இடத்தில் தரவு துல்லியமில்லாமல் போவதற்கு மறதி மட்டுமா காரணம்? மறு சீரமைப்புத் திட்டங்களில் இலவச வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்திருக்க வேண்டும் என்பது தகுதி வரம்பு. அப்படியிருக்க ‘எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு வரும் பதிலில் ஒரு வீட்டின் விலை ஒளிந்திருக்கிறது. பங்கார் என்னும் கழிவுப்பொருளைப் பிரிக்கும் பட்டறைக்காரரிடம் தினம் எத்தனை கிலோ பிளாஸ்டிக் வருகிறது என்று கேட்டால், கேட்பவர் உரிமம் பார்க்க வந்தவரா, கடன் கொடுக்க வந்தவரா என்பதைப் பொறுத்துப் பதில் சுருங்கும் அல்லது ஊதும். இது இரண்டு பக்கமும் சமமாக ஆடும் ஊசல் அல்ல, ஒரு பக்கம் சாய்ந்த தராசு. வீச்சு முறைக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு என்பது என் கருத்து: வீச்சு சமச்சீராக இருக்க வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. உரிமம் பார்ப்பவரிடம் சொன்ன எண்ணைக் கீழ் வரம்பாகவும், கடன் கொடுப்பவரிடம் சொன்ன எண்ணை மேல் வரம்பாகவும் வைத்துக்கொண்டால், இரண்டு பொய்களுக்கு நடுவில் உண்மையை அடைத்துவிடலாம். ஜி வடக்கு வார்டின் மொத்த எண்ணும் அப்படி ஒரு வேலிதான். அதைத் தாண்டி தாராவிக்கு எண் சொல்பவர், கணக்கெடுப்பில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள், ஏன் விட்டுப்போனார்கள் என்று சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார்.

நிர்வாகிகளின் ஆட்சேபத்துக்கு அதிக நேரம் வேண்டாம். அவர்களுக்கு வரிசை வேண்டும், ஏனென்றால் நிதி ஒதுக்க வேண்டும், கோப்பை கொடுக்க வேண்டும். நான்கு பேரில் ஒருவருக்குத்தான் பணம் என்றால் ‘0.77 முதல் 1 வரை’ என்பது பதிலே இல்லை என்பார்கள். பணம் ஒருவருக்குத்தான் என்பது பட்ஜெட்டின் நிர்ப்பந்தம், அந்த நிர்ப்பந்தம் இ வீட்டின் உழைப்பு மணியைத் துல்லியமாக்கிவிடாது. வரிசை கட்டாயம் வேண்டுமென்றால் சீட்டுப் போட்டுக் குலுக்கலாம். குறைந்தபட்சம் அது தன்னைக் கணிதம் என்று சொல்லிக்கொள்ளாது.

நான் உண்மையாகவே கனமாக எடுத்துக்கொள்ளும் ஆட்சேபம் இன்னொன்று. டி.இ.ஏ.வில் எல்லோரும் எல்லைக்கோட்டிலிருந்து அளக்கப்படுகிறார்கள். எல்லைக்கோடோ ஓரிருவரின் தரவில் தொங்குகிறது. அந்த ஓரிருவரின் தரவு தவறானால் ஊரே தவறாக அளக்கப்படும். சராசரியை வைத்து அளக்கும் முறைகளில் ஒருவரின் தவறு பலரில் கரைந்துபோகும். இங்கே அது கூரைமேல் ஏறி நிற்கும். நம் நான்கு வீடுகளில் அ வீட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கலாம். நடு எண்களிலேயே இ வீடு 1-க்கு ஏறிவிடுகிறது, ஈ வீடு 0.78-லிருந்து 0.88-க்கு ஏறுகிறது. வீச்சுகளோடு பார்த்தால் ஈ வீடும் தனக்குச் சாதகமான நிலையில் 1-ஐத் தொட்டுவிடுகிறது. ‘ஈ வீட்டில் எப்போதும் குறை’ என்று நான் மேலே உறுதியாகச் சொன்ன முடிவு, அ வீட்டின் மணிக்கணக்கு பெரிதாகத் தவறாது என்ற ஒரே நம்பிக்கையில் நின்றிருக்கிறது. அ வீடு ‘எப்போதும் சிறந்தது’ என்பதும் எவ்வளவு மெல்லிய நூலில் ஆடுகிறது பாருங்கள்: அது தனக்கு மிகப் பாதகமான நிலையில் 14 மணி எடுக்கிறது; அதே நிலையில் எல்லைக்கோடு 14 மணி 20 நிமிடத்தில் ஓடுகிறது. இருபது நிமிடம். ஒரு மாமியார் ஒரு முறை கூடுதலாகத் தட்டு கழுவியதை யாரோ சொல்ல மறந்திருந்தால் போதும்.

இந்த ஆட்சேபத்தை மறுக்க வழியில்லை. ஆனால் வீச்சு முறைதான் அதை நம் கண்ணில் காட்டியது என்பதைச் சொல்ல வேண்டும். ஒற்றை எண்களில் அ வீட்டின் 1, ஆ வீட்டின் 1 இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தெரிந்தன. வீச்சுகளைப் போட்ட பிறகுதான் ஒன்று பாறைமேல் நிற்கிறது, மற்றது இருபது நிமிட வரப்பில் நிற்கிறது என்று தெரியவந்தது. மும்பையிலும் இதற்கு இணை உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று கண்டறியப்பட்டது. ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாகத் தாராவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அன்றிலிருந்து தாராவி எல்லைக்கோடு ஆயிற்று. மற்ற இடங்கள் அதை வைத்து அளக்கப்பட்டன. வீடு வீடாகப் போய்ச் சோதித்ததும், தனிமைப்படுத்த இடம் தேடியதும், பொதுக் கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கிருமி நீக்கம் செய்ததும் உண்மையான உழைப்பு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ரத்தம் எடுத்த அந்த முதல் சுற்றில் ஜி வடக்கு வார்டு இல்லை. அந்த மாதங்களில் ஊர் திரும்பியவர்கள் போக எத்தனை பேர் தாராவியில் மிச்சம் இருந்தார்கள் என்பதற்கும், எட்டரை லட்சம் என்ற எண்ணே ஆடிக்கொண்டிருந்தபோது, கெட்டியான பதில் கிடையாது. புகழப்பட்ட இடத்தின் பின்னத்தில்தான் கீழ் எண் மிக அதிகமாக ஆடியது.

தணிக்கைக்காரர்கள் வழக்கமாக முதலில் கடைசி இடத்துக்காரரின் கதவைத் தட்டுவார்கள். நம் நான்கு வீட்டுக் கணக்கு வேறு வரிசையைச் சொல்கிறது. கையில் ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் ஒரு வார அவகாசமும் மட்டும் இருந்தால், ஈ வீட்டுக்குப் போவதில் பயன் குறைவு. இ வீட்டுக்குப் போனால் பத்து மணி நேர வீச்சு சுருங்கும், ஒரு வீட்டின் சந்தேகம் தீரும். அ வீட்டுக்குப் போனால் அ, இ, ஈ மூன்று வீட்டின் கணக்கும் ஒரே சமயத்தில் இறுகும், அல்லது அவிழும். ஆகவே முதல் இரவு அங்கேதான் உட்கார வேண்டும்: கிரைண்டர் ஓடத் தொடங்கும் நேரம், உளுந்து வழித்தவர் யார், தட்டில் மாவு ஊற்றியவர் யார், நடுவில் எழுந்து வந்து கைகொடுத்துவிட்டு மறுபடி படுக்கப் போனவர் யார், எத்தனை நிமிடம் என்று, முதல் பாத்திரம் சந்தைத் தாண்டிப் போகும்வரை எழுதிக்கொண்டு.